சிராப் அண்ணனின் மேல்மாடி

தலையில் தடவுவதற்காக மலேசியாவில் எந்தப் பொருள் விற்பனைக்கு வந்தாலும், அதை எங்கள் சிராப் அண்ணன் ஒரு முறையாவது தடவியிருப்பார். தலைக்கென்று விற்கப்படாதவற்றையும் தடவியிருக்கிறார். நான் சாட்சி. பதினான்கு வருஷமாக அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்ய முடியும்? பார்த்தேன், முகர்ந்தேன், சில நாள் சன்னலைத் திறந்து வைத்தேன்.

கிள்ளானில் எங்களுடையது ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கப் பாரம், அதாவது படிவம், எழுதுவது வேலை. நாங்கள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் நான்காவது மாடி, அவர் ஐந்தாவது. காலையில் கொமுட்டர் ரயிலில் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்புவோம். கணக்குப் பார்த்தால் என் மனைவியைவிட அவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சிராப் என்றால் அந்த ரோஜா நிறச் சர்க்கரைத் தண்ணீர். ஐஸ் போட்டு ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிப்பார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு வாழ்க்கையில் ஒரு மாற்றம் செய்தார். தேத்தண்ணி சொல்லும்போது ‘கூராங் மானிஸ்’ என்று சீனியைக் குறைக்கச் சொன்னார். அப்படிக் குறைத்ததற்கு ஆறுதலாக ஒரு சிராப் கூடுதலாகக் குடித்தார்.

ஐம்பது வயது வரை அவருக்கு நல்ல முடி. நெற்றியில் ஒரு சுருள் விழும். அதை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசுவார். பிறகு எல்லாப் பக்கமும் மெலிந்தது. உச்சியில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வட்டம் விழுந்தது. நாமெல்லாம் அந்த வயதில் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவரால் முடியவில்லை.

“கல்யாணம் கட்டல, வீடு வாங்கல. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான் தம்பி” என்றார் ஒரு நாள் ரயிலில்.

இனிப்பு நீர் கூடினாலும் முடி கொட்டும், கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் சரக்கின் பெயரைப் பார்த்துத்தான் அதை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்வோம். அண்ணன் தன் நோயையும் அதே முறையில் வகைப்படுத்தி வைத்திருந்தார்.

“நம்ம என்ன சொல்றோம்? இனிப்பு நீர். மலாய்க்காரன் என்ன சொல்றான்? கென்சிங் மானிஸ். ரெண்டு பேரும் சிறுநீரைத்தானே சொல்றோம்? அது கீழ்வீட்டு விவகாரம் தம்பி. மேல்மாடிக்கும் அதுக்கும் என்னலா சம்பந்தம்?”

இரண்டு மொழிகள் சேர்ந்து அவர் பக்கம் நிற்கும்போது தனி ஆளாக நான் என்ன வாதாடுவது? விட்டுவிட்டேன்.

இஞ்சி ஷாம்பு வந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் குதிரைப் படம் போட்ட ஷாம்பு ஒன்று வாங்கினார். குதிரைக்குப் பிடரி எப்படி இருக்கிறது பார் என்றார். பிறகு சின்ன வெங்காயச் சாறு. அதைத் தடவிக்கொண்டு ரயில் ஏறிய மூன்று வாரமும் எங்கள் இருவருக்கும் கிள்ளான் வரை உட்கார இடம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெட்டியே கிடைத்தது. முட்டையும் தேனும் கலந்து தடவிச் சரியாக அலசாமல் வந்த நாளில், பத்து மணிக்கெல்லாம் எறும்புகள் அவர் நாற்காலிக் கால் வழியாக மேலே ஏறத் தொடங்கிவிட்டன. எறும்புக்குத் தெரிகிறது, கீழ்வீடும் மேல்மாடியும் ஒன்றுதான் என்று, உங்களுக்குத் தெரியவில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வழுக்கையை மறைக்கத் தூவும் கறுப்புப் பொடிதான் எல்லாவற்றுக்கும் மேல். தூவியவுடன் பத்து வயது குறைந்து நின்றார். அன்றைக்கென்று மழை. சுங்கக் கவுண்டரில் குனிந்து கையெழுத்துப் போடும்போது நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி, மூக்கு நுனியில் நின்று, பாரத்தில் சொட்டியது. அதிகாரி நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். பாரத்தை நான் திரும்ப எழுதினேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் முன்னால் தலையைக் குனிந்து, வளர்ந்திருக்கிறதா பார் என்பார். என் வாரம் இன்னொருவர் உச்சந்தலையில் தொடங்கியது. எனக்கு அலுத்துப்போனது. வீட்டில் அலுப்பு, ரயிலில் அலுப்பு, அதற்கு மேல் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பத்துமலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சன்னதியில் கண்ணை மூடி, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வேண்டினார்: “முருகா, முடி மட்டும் திரும்பி வந்துடட்டும். மொட்டை போட்டுர்றேன்.”

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். படி இறங்கும்போது கேட்டேன், முடி வந்தால் முடியை எடுத்துவிடுவீர்களா என்று. ஆமாம் என்றார். அப்படியானால் வேண்டுதல் எதற்கு என்றேன். கடைசிப் படி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

“ஒண்ணும் இல்லாத தலையை வெச்சுக்கிட்டு சாமிக்கு என்னத்தைக் கொடுக்கிறது தம்பி?”

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். அவர் மேசைப் பக்கம் ஒரு வாடை அடித்தது. நான் மறுபடியும் வெங்காயம் என்று நினைத்தேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. ஆபீஸுக்குப் போட்டு வந்த புதுச் சப்பாத்து கடித்து, வலது காலில் இரண்டாவது விரல் புண்ணாகிக் கறுத்திருந்தது. வலியே தெரியவில்லை என்றார். தெரியாததுதான் வியாதி என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வார்டில் சேர்த்தார்கள். இளம்பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். ஊசி மருந்து போட்டு இரண்டு மூன்று நாள் பார்க்கலாம், கேட்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். சிராப் அண்ணன் கவனமாகக் கேட்டு முடித்துவிட்டு, முடிக்கு ஏதாவது நல்ல ஷாம்பு இருக்கிறதா என்றார். கூடவே தன் கீழ்வீடு, மேல்மாடிக் கணக்கையும் சொன்னார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் அத்தனை தூக்கம். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அங்கிள், பேர்லதான் நீர் இருக்கு. சீனி ஓடுறது இரத்தத்துல. அதே இரத்தம்தான் கால் விரலுக்கும் போவுது, முடி வேருக்கும் போவுது. ஷாம்பு அழுக்கை எடுக்கும், அவ்ளோதான்.”

சிலருக்குத் தலையில் தடவும் மருந்து ஒன்று ஓரளவு உதவும், அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். முடி கொட்ட வேறு காரணமும் இருக்கலாம் என்று தைராய்டுக்கும் இரும்புச் சத்துக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். முதலில் சீனி இறங்க வேண்டும், இறங்கினாலும் முடி வரும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார்.

சிராப் அண்ணன் கட்டுப் போட்ட காலைத் தொட்டு, பிறகு உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப எல்லாம் ஒரே வீடா?” என்றார்.

மாற்றுத் துணி எடுக்க ஐந்தாவது மாடிக்குப் போனேன். குளியலறையில் நிற்க இடமில்லாமல் போத்தல்கள். எல்லாம் பாதி பாதி தீர்ந்தவை. மேசை மேல் கிளினிக் கொடுத்த மாத்திரைப் பைகள் இருந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் போய்விட்டால் எதிர் மேசை என்னவாகும் என்று பயமாக இருந்தது.

விரல் தப்பியது. அதோடு சிராப் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் அவருக்குச் சிராப் போடும் கடைக்காரர் என்னிடம் தனியாக வந்து, அண்ணன் இறந்துவிட்டாரா என்று கேட்டார். மாத்திரையை மணி அடித்த மாதிரி போட்டார். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸுக்கு, அளவெடுத்த சப்பாத்தில் நடந்தே வந்தார். உயிருக்குப் பயந்து செய்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். முடிக்காகத்தான் செய்தார். எனக்குத் தெரியும். ஆனால் சீனி இறங்க எந்தக் காரணம் இருந்தாலும் போதும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது மாதத்தில் உச்சி வட்டம் மூடிக்கொண்டது. நெற்றிச் சுருள் வரவில்லை. சீனியாலா, பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாலா, இரண்டும் சேர்ந்தா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பாதிதானே வந்திருக்கிறது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், அப்படியே விட்டுவிடலாம் என்று நானே சொன்னேன்.

“வந்த வரைக்கும் கொடுக்கணும் தம்பி” என்றார்.

புது பிளேடு, ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று டாக்டரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு பத்துமலைக்குப் போனோம். முடியெடுக்கும் கொட்டகையில் உட்கார்ந்தவர், மெதுவாக எடுக்கும்படி இரண்டு முறை கேட்டுக்கொண்டார். எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தார். கண் ஈரமாக இருந்தது. கீழே விழுந்து கிடந்த அந்தக் கொஞ்சத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, வா போகலாம் என்றார்.

நான் போகவில்லை. அவருக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்த இரண்டாவது மொட்டை டிக்கெட்டை முடியெடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

“உனக்கு என்னப்பா வேண்டுதல்? தலை நிறைய காடு மாதிரி வெச்சிருக்கியே.”

“பேன் அண்ணே” என்றேன்.

அன்றைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு விரலுக்காக நான் வேண்டிக்கொண்ட மொட்டை இது என்று சொல்லியிருந்தால், மனிதர் அங்கேயே அழுதிருப்பார். எனக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை.