காய்ந்த ஏரிக்குக் கரை

பூந்தமல்லித் தொட்டிக் கம்பவுண்டரைப் போல, மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே மறியல் செய்த மருந்துக்காரர் உலகில் வேறொருவர் இருந்திருக்க முடியாது. தோல் வெடிப்புக்குக் களிம்பு கேட்டு வந்தவர், டிஸ்பென்சரி வாசலில் இருந்த தொட்டியில் கைகால்களை ஊறவைத்த பிறகே உள்ளே நுழையலாம். யுத்த காலம், ஆவடிப் பட்டாள முகாமுக்குக் கல் சுமந்தவர்கள் அங்கே கொக்குகளைப் போல வரிசையாக நின்றார்கள். ஒருமுறை கிராம முன்சீப், தொட்டிக்குள் நின்றபடியே ஒரு வரப்புத் தகராறை விசாரித்துத் தீர்ப்பும் சொன்னார்.

நான் அப்போது ரசாயன ஆசிரியன். முதல் வகுப்பில் தேறியவன் என்பது நடையிலேயே தெரியும்படி நடந்தவன். என் மனைவிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். சவுக்காரத்தில் துவைத்துத் துவைத்து அவள் உள்ளங்கைகள் பிளந்து ரத்தம் கசிந்தன. தூக்கினால் குழந்தையின் சட்டையில் கறை படிந்தது. ஆகவே தூக்குவதையே விட்டுவிட்டாள். பட்டணத்திலிருந்து சீமைக் களிம்பு தருவித்து, காய்ந்த கையில் பத்து நாள் தடவினேன். பலனில்லை. வீரியமானது வேறு உண்டா என்று கம்பவுண்டரிடம் கேட்கப் போனேன்.

"களிம்பு தண்ணி குடுக்கும்னு எந்த புஸ்தகத்துல படிச்சே வாத்யாரே? காஞ்ச ஏரிக்குக் கரை போட்டுகினு மீன் புடிக்கப் போறியா? மொதல்ல தோலு தண்ணி குடிக்கணும். அத்த வெளிய உடாம காக்கத்தான் களிம்பு!"

தொட்டியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே டாக்டருக்கு ஆங்கிலத்தில் அவர்மேல் புகார் எழுதினேன். ஓர் இலக்கணப் பிழை இல்லை. தெருவார் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். நான்காம் நாள் கம்பவுண்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மூட்டையோடு அவர் நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புகாரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அம்மா கை இன்னும் அப்டியே கீதா? குண்டான்ல வெதுவெதுப்பா தண்ணி எடுத்துகினு வா."

உள்ளே வராமல் வாசலிலிருந்தே அதிகாரம் செய்தார். மனைவியின் கைகளை ஊறவைத்து நான் துண்டால் துடைத்தேன்.

"இன்னா வாத்யாரே, கரும்பலகையா அழிக்கிறே? ஒத்தி எடு! ஈரம் இருக்கச் சொல்லவே தடவு!"

அவள் சிரித்துவிட்டாள். ஈரம் காயுமுன் தடவியது அதே சீமைக் களிம்புதான். மேலே பழந்துணி சுற்றினேன்; குழந்தை அழ, அவள் உள்ளே போனாள். "தெனம் ரெண்டு வேளை" என்று சொல்லிவிட்டு அவர் திருமழிசைச் சாலையில் நடந்து போனார். பிறகு அவரை எவரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவள் குழந்தையைத் தூக்கினாள். புகாரைத் திரும்பப் பெறக் காகிதம் எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்து வைத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து, சென்ற மாதம் அவள் காலமானாள். கடைசி வாரத்தில் ஒருநாள் கேட்டாள்: "அன்னிக்கு என் கையில துணி சுத்தியிருந்துது, பரிமாற முடியல. அந்தக் கம்பவுண்டர் சாப்ட்டுட்டுத்தானே போனாரு?"

"சாப்பிட்டார். ரசத்துக்கு இரண்டாந்தரம் சோறு கேட்டார்" என்றேன்.

அன்று அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல, எதிரே இலையில் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. மோருக்கும் சோறு கேட்டார் என்று சேர்த்துச் சொன்னேன்.