ரேண்டலின் முடியும் முதல் இசைத்தட்டும்

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா
அக்டோபர் 1968

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒலீட்டா அக்காவுக்கு, தம்பி வெர்லன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் வில்மாவும் சுகம். ஓக்லஹோமாவில் மழை உண்டா, அத்தானின் மூட்டுவலி எப்படி என்று எழுதவும்.

எங்கள் ரேண்டலும் அவனுடைய ‘வறண்ட ஆறு’ இசைக்குழுவும் அடுத்த வாரம் வேனில் உன் வீட்டுக்கு வருகிறார்கள். வயிறாரச் சாப்பாடு போடு. சாப்பிட்டதும் அவனை அடுக்களை நாற்காலியில் உட்காரவைத்து முடியை வெட்டிவிடு. தோளைத் தாண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவன் நான்; என் பிள்ளையின் தலையைப் பார்த்தபிறகு என் கடைக்கு எவன் வருவான், சொல்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம் கன்ட்ரி பாட்டின் ஸ்டீல் கிட்டாரையும் ராக் கூட்டத்தின் டிரம் அடியையும் ஒரே பாட்டில் போட்டிருக்கிறார்கள். இங்கே யாரும் செய்யாததாம். யாரும் வாங்கவும் இல்லை. கன்ட்ரி வானொலிக்காரர் அட்டைப்படத்தில் இருந்த முடியைப் பார்த்ததும் தட்டை வெளியே எடுக்கவேயில்லை. ராக் வானொலிக்காரன், ஸ்டீல் கிட்டார் அழ ஆரம்பித்ததும், மாடு மேய்க்கிறவர்களிடம் கொண்டுபோ என்றானாம். கேட்டவர்கள் என்று பார்த்தால் என் கடைத்தெரு விடலைகள்தான். எல்லோரும் இப்போது ஸ்டீல் கிட்டார் தேடி அலைகிறார்கள், ஒருவனும் முடிவெட்ட வருவதில்லை.

கடைசியில் நடனக்கூடம் நடத்தும் ஹக்கிடம் போய் நின்றேன். முடியை வெட்டினால் சனிக்கிழமைதோறும் மேடை தருவதாகச் சொன்னார். ரேண்டல் முடியாது என்றுவிட்டான். நான்தான் பெரிய தொப்பிகளாக வாங்கி, நால்வரின் முடியையும் உள்ளே திணித்து மேடையேற்றினேன். ஜோடிகள் ஆடினார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்போது பார்த்து ரேண்டல் தட்டிலுள்ள கடைசிப் பாட்டை எடுத்தான். அது ஞானப்பாட்டு, ஆலயத்தில் கர்த்தருக்குப் பாடுகிறது. ஞானப்பாட்டுக்குத் தொப்பியைக் கழற்றாமல் எப்படி? நான்கு பேரும் கழற்றினார்கள். சின்ன வயதிலிருந்தே அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான், யாரை நொந்துகொள்வது? முடியெல்லாம் பொலபொலவென்று தோளில் விழுந்தது. ஹக் மின்கம்பியைப் பிடுங்கப் போனார்.

“ஞானப்பாட்டு நடந்துக்கிட்டிருக்கு, ஹக். முடியட்டும்” என்றேன்.

அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்; ஞானப்பாட்டை நடுவில் நிறுத்துகிறவன் நம் சனத்தில் உண்டா? ரேண்டலும் லேசுப்பட்டவன் இல்லை. பாட்டு முடிந்தால் வெளியே தள்ளுவார்கள் என்று தெரிந்து, கடைசிச் சரணத்திலிருந்து முதல் சரணத்துக்கே திரும்பினான். பிறகு மறுபடியும். பருத்தி எடுத்த களைப்போடு வந்திருந்தவர்கள் எல்லோரும் கூடவே பாடினார்கள். அம்மாவின் அடக்கத்தில் நாம் பாடிய பாட்டு, அக்கா. அழுதுவிட்டேன்.

ஒருவழியாக ஓய்ந்தபோது ஹக்கின் கண்ணும் ஈரம்தான். ஆனால் மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. “பசங்க நல்லாத்தான் வாசிக்கிறாங்க. முடிய வெட்டிட்டு வரச் சொல்லு, சனிக்கிழமை அவங்களுக்குத்தான்” என்றார். ஆகையால் கத்தரியைச் சாணை பிடித்து வை. எனக்கு அடங்காதவன் உனக்கு அடங்குவான்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் கிணற்றை நிரப்பட்டும்.

உன் தம்பி,
வெர்லன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரேண்டல் கடைக்கு வந்து, தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான். “வெட்டுங்கப்பா. என்னால நீங்க தலைகுனிய வேணாம்” என்றான். துணியைப் போர்த்திக் கத்தரியையும் எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அம்மாவின் முடி, அக்கா. அதே செம்பட்டை, அதே சுருள். சீவிவிட்டு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை போனால் போகட்டும். உன் வீட்டுக் கத்தரிகளையெல்லாம் ஒளித்து வை.