பெரியப்பா சேர்த்த ஒன்று

கல்யாணப் பத்திரிகையில் புதுமை செய்ய ஆசைப்படுகிறவனுக்கு வீட்டில் யாராவது ஒரு தம்ளர் மோர் கொடுத்துப் படுக்கவைத்துவிட வேண்டும். எனக்கு யாரும் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். நான் கட்டிக்கொள்ளவிருந்த மௌமிதா, ஹவுராவில் வசிக்கும் வங்காளிப் பெண். அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். மீன் வாசனையே இல்லாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப அவருக்கு மனமில்லை. "போகட்டும், பையனுக்குக் கணக்காவது தெரியும்" என்று அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார். என் கையில் இருந்த ஒரே சரக்கு அதுதான்.

அதைக் காட்டிக்கொள்ளத்தான் பத்திரிகையின் மேலே, இரண்டு வரிக்கு நீளும் ஒரு பகா எண்ணை அச்சிட முடிவு செய்தேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண். எங்களையும் யாராலும் பிரிக்க முடியாது என்று உள்ளர்த்தம். (அந்த வயதில் இப்படியெல்லாம் தோன்றும். மன்னித்துவிடுங்கள்.) கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தும் பார்த்தேன். அச்சகத்துக்குப் போய்வரும் வேலையை மட்டும் பெரியப்பாவிடம் விட்டேன்.

முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவித் தட்டில் வைத்து, நானும் பெரியப்பாவும் படகேறி ஹவுராவுக்குக் கொண்டுபோனோம். மௌமிதாவின் அப்பா கண்ணாடியை மாட்டினார். பெயர்களைப் படிக்கவில்லை. பகா எண் என்று நான் பெருமையாகச் சொன்ன அந்த எண்ணின் இலக்கங்களை மனதுக்குள் கூட்ட ஆரம்பித்தார். (கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். பள்ளிக்கூடப் பாடம்.)

"இது மூணால வகுபடுதே" என்றார் வங்க மொழியில், மெதுவாக.

வாங்கிப் பார்த்தேன். ஏழில் முடிய வேண்டிய எண்ணுக்குப் பின்னால் தேமே என்று ஒரு ஒன்று நின்றது.

"பெரியப்பா, இந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்தது?"

"நான்தான்டா போடச் சொன்னேன். ஏழுல முடிஞ்சா ஏழரை ஞாபகம் வருது. மொய்யே நூத்தியொண்ணுன்னுதானே வைக்கிறோம்? ஒண்ணுல முடிஞ்சாத்தான் மங்களம்."

இதை வங்க மொழியில் பெயர்த்துச் சொல்லும் பாவமும் எனக்கே வாய்த்தது. கதவோரம் நின்ற மௌமிதா என்னையே பார்த்தாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அவமானத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. அடுத்த படகு எப்போது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் உள்ளே போய் ஒரு சிவப்புப் பேனாவோடு திரும்பினார்.

"மத்த பத்திரிகையெல்லாம் எங்கே?"

மறுநாள் மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அந்த ஒன்றை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். பரீட்சைத்தாள் திருத்திப் பல வருஷமாகியிருந்தது அவருக்கு. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சிவப்புதானே, குங்குமம் மாதிரி இருக்கு" என்று பெரியப்பாவும் சமாதானமானார். பத்திரிகைகள் அந்தக் கோலத்திலேயே இரண்டு வீட்டுச் சொந்தங்களுக்கும் போயின. திருச்சி அத்தை மட்டும் ஃபோன் செய்து, "எந்த சப்ஜெக்ட்லடா ஃபெயில்?" என்று விசாரித்தாள்.

இன்றும் ஜாமாய் சஷ்டிக்கு (மாப்பிள்ளைகளை உட்காரவைத்து விருந்து போடும் நாள்) மாமனார் வீட்டுக்குப் போனால், புதிதாக வந்த யாராவது நான் யார் என்று கேட்பார்கள். மாமியார் பரிமாறிக்கொண்டே சொல்வார்:

"கணக்கு வாத்தியார். தப்பாத்தான் வந்தார். எங்க வீட்டுக்காரர்தான் திருத்தி எடுத்துக்கிட்டார்."