நாலு நாளைக்குத் தொடமாட்டேன்

"சும்மா உட்காரத் தெரியுமா உனக்கு?"

லீவுச் சீட்டை நீட்டியபோது மேற்பார்வை அம்மாள் மூலைக்காரியிடம் கேட்ட கேள்வி அது. கேட்டதோடு விடாமல் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சிரிக்கவும் செய்தாள்.

மூலைக்காரி அந்தப் பெரிய ஓட்டலில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிக்கிறவள். மெத்தை விரிப்பின் மூலையை அவள் மடித்துச் செருகினால் கத்தியால் வெட்டியது போல நிற்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

"தெரியாட்டி கத்துக்கறேன்" என்றாள்.

"கிழிச்சே. ரெண்டாம் நாளே போற இடத்துல இருக்கற படுக்கையை உதறிப் போட ஆரம்பிச்சிருவே. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நாலு நாளும் ஒரு விரிப்பைத் தொடமாட்டேன். தொட்டேன்னா, இந்த ஜென்மத்துல உங்ககிட்ட லீவுன்னு வந்து நிக்கமாட்டேன். போதுமா?"

வாய் வாக்கு கொடுத்துவிட்டது. இனி கைதான் காப்பாற்ற வேண்டும்.

மகள் பிடிவாதமாக ஏற்பாடு செய்த பயணம். நடுக்கடலில் ஒரு எரிமலைத் தீவு. மலை உச்சியில் எந்நேரமும் மெல்லிசாகப் புகை. கீழே கரியைப் பொடித்துக் கொட்டியது போலக் கறுப்பு மணல், அதன் மேல் கண் கூசும் வெயில். கரையோரம் ஒரு சின்ன விடுதியில் மாடி அறை.

கூட வந்தது மூலைக்காரியின் புருஷன், பம்பு மெக்கானிக். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். வீட்டில் தலையணைக்கு உறை எந்தப் பக்கமாக நுழையும் என்றுகூடத் தெரியாத மனுஷன். அதோடு, வெளியே கிளம்பும்போதெல்லாம் எதையாவது தொலைத்துவிடுவார்.

முதல் நாள் காலையும் அப்படித்தான்.

"நீ முன்னாடி போ. செருப்பைக் காணோம். தேடி எடுத்துக்கிட்டு வரேன்."

அவள் கரைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து, கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்தாள். அரை மணி கழித்து வேர்த்து விறுவிறுத்து அவர் வந்து சேர்ந்தார்.

"செருப்பு கிடைக்க இவ்வளவு நேரமா?"

"வெயில்" என்றார் அவர்.

மத்தியானம் அறைக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விரிப்பு, தையல் மேலே தெரியும்படி தலைகீழாகக் கிடந்தது. மூலைகள் பழந்துணி மூட்டை போலச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தன.

"கட்டிலா இது? கன்னுக்குட்டி புரண்டு எழுந்த இடம் மாதிரி இருக்கு!"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் புருஷன்.

"உங்களுக்கு என்ன தெரியும்? இந்த அறை வேலைக்காரிக்குக் கையா, கரண்டியா?"

விரல்கள் துடித்தன. ஒரே உதறல், நாலு செருகல், அவ்வளவுதான் வேலை. மேற்பார்வை அம்மாளின் சிரிப்பு கண்முன் வந்தது. மூலைக்காரி இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"தொடமாட்டேன். ஆனா சொல்லிக்குடுப்பேன். சொல்லிக்குடுக்கமாட்டேன்னு யாருக்கும் வாக்கு குடுக்கலையே!"

அன்றிரவு முதுகுக்கடியில் ஒரு சுருக்கம் தண்டவாளம் மாதிரி ஓடியது. தூக்கம் போனது. விடிந்ததும் விடுதித் தாள் ஒன்றில் மூலை மடிப்பதைப் படம் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, தலையணை மேல் வைத்தாள்.

"கிளம்பலாமா?"

"நீ போ. கண்ணாடியைக் காணோம்" என்றார் புருஷன்.

அன்று கடல் நீலமாக இருந்ததா பச்சையாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கண் அலையில் இருந்தது, நினைப்பு அறையில் இருந்தது.

திரும்பி வந்தபோது தாளைக் காணவில்லை. விரிப்பின் மூலை, அடிபட்ட கட்டைவிரலுக்குப் போட்ட கட்டு மாதிரி புடைத்து நின்றது. போதாததற்கு மெத்தையில் கைப்பிடி அளவு கறுப்பு மணல்.

"படிச்சிருக்கா! படிச்சுட்டும் இப்படிப் போட்டிருக்கா பாருங்க!"

"நேத்தைக்கு இன்னைக்கு பரவால்ல" என்றார் அவர்.

"அவளுக்கு நீங்க ஏன் வக்காலத்து வாங்கறீங்க?"

"பாவம், பழகிட்டிருக்கா போல."

"நான் பழகினப்போ எனக்கு யாரு பாவம் பார்த்தா? மூலை கோணினா மறுபடி மொதல்லேர்ந்து பிரிச்சுப் போடணும். அழுதுகிட்டே போட்டிருக்கேன்."

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அன்றைய வார்த்தைக் கணக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை இன்னொரு தாள். இந்த முறை படம் கிடையாது. 'கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்யவும். உதறிவிட்டு விரிக்கவும். கட்டில் என்ன பாவம் செய்தது?' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்.

"நீ போ. தொப்பியைக் காணோம்."

"தலையைத் தொலைக்காம வந்து சேருங்க!"

மத்தியானம் கதவைத் திறந்தவளுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. படுக்கையின் நடுவில், முகம் துடைக்கிற இரண்டு துண்டுகளை முறுக்கி ஏதோ ஒரு பறவை செய்து வைக்கப்பட்டிருந்தது. அன்னம் என்று நினைத்துச் செய்திருக்கலாம். பார்க்கக் கழுத்து முறிந்த வாத்து மாதிரி இருந்தது.

"கேலி பண்றா! எழுதி வச்சேன்ல, அதுக்குப் பதில் இது. என்னையே வாத்துங்கறா!"

"அப்படி இருக்காது. உனக்குப் பிடிக்கட்டும்னு..."

மூலைக்காரி மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க அவளைப் பார்த்திருக்கீங்களா?"

"மொத நாள்... வாசல்ல."

"ஓஹோ. அழகா இருப்பாளோ?"

அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"இருமுங்க, நல்லா இருமுங்க! இனிமே பொறுக்கமாட்டேன். இந்த மலை இப்ப வெடிச்சாலும் சரி, ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் இந்த ரூமை விட்டு நகருவேன்."

"வேண்டாம்மா. விட்டுரு."

அவர் 'வேண்டாம்' என்றதே போதுமானதாக இருந்தது. போனை எடுத்தாள். விடுதி மேலாளர் மாடிப்படியில் ஓடிவந்தார். படுக்கையைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். எங்க விடுதியில இப்படி ஒரு வேலையா? எனக்கே அவமானமா இருக்கு. இன்னையோட அந்தம்மாவை நிறுத்திடறேன்."

மூலைக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யார் நிறுத்தச் சொன்னா? திருத்தச் சொன்னேன்!"

"இல்ல மேடம், நீங்க இரக்கப்படாதீங்க. ஒருத்தரை விட்டா பத்துப் பேர் இப்படித்தான்..."

"படுக்கை விரிக்கறது லேசான வேலைன்னு நினைச்சீங்களா? இடுப்பு ஒடியும். தினமும் எத்தனை ரூமுக்கு அவ குனிஞ்சு நிமிரணும் தெரியுமா உங்களுக்கு? அவ வேலை போச்சுன்னா, நான் இந்த ரூமைக் காலி பண்ணவே மாட்டேன். என்ன பண்ணுவீங்க? தூக்கிட்டுப் போய் எரிமலையில போடுவீங்களா?"

புகார் கொடுத்தவளே வக்கீலாகவும் மாறியதில் மேலாளர் குழம்பிப்போனார். ஜன்னலோரம் நின்ற பம்பு மெக்கானிக் மூன்று தடவை தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு தடவையும் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் எரிமலையைப் பார்த்தார்.

கடைசியில் மேலாளர் வராந்தாவை நோக்கிக் குரல் கொடுத்தார். வாளியும் துடைப்பமுமாக ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள். நடுமுதுகு வளைந்திருந்தது. இவளையா சந்தேகப்பட்டோம் என்று மூலைக்காரிக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"என்னம்மா வேலை இது?" என்று மேலாளர் கட்டிலைக் காட்டினார்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் இந்த ரூமுக்குள்ள காலே வைக்கல சார். மொத நாளே இந்த அண்ணன் வாசல்ல மறிச்சு, 'என் பொண்டாட்டி இருபத்தாறு வருஷமா ஊரார் படுக்கையெல்லாம் விரிச்சவ, இந்த நாலு நாளும் அவ படுக்கையை நான்தான் விரிப்பேன், நீ எட்டிக்கூடப் பார்க்காதே'ன்னு திருப்பி அனுப்பிட்டாரே!"

பம்பு மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காதுமடல் சிவக்க, தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே நடந்தார்.