பிரேக் என்றால் எஞ்சின்

ஏலகிரி மலைக்கு என் சொந்த வேனில், என் கையாலேயே ஓட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வந்து இறங்குவேன் என்று முப்பது பேர் முன்னால் சபதம் போட்டேன். அப்போது என் கையில் பிரியாணித் தட்டு இருந்தது. பிரியாணி சாப்பிடும்போது மனிதனுக்கு இருக்கிற தைரியம் கை கழுவிய பிறகு இருப்பதில்லை.

தூண்டிவிட்டவர் லாசர் மச்சான். என் மனைவி ஜாஸ்மினுக்கு அண்ணன். ஏலகிரியில் வீடு கட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிப்பு, ஃபாதர் வந்து புதுவீட்டை ஆசீர்வதிக்கிற விசேஷம். சாந்தோமில் ஒரு சொந்தக்காரக் குழந்தை முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்தவர், அங்கேயே எல்லோரையும் அழைத்தார். அழைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"மாப்ளே, உன் டப்பா மேல ஏறாது. அடிவாரத்துல ஓரங்கட்டிட்டு ஒரு போன் போடு. நான் வந்து எல்லாரையும் ஏத்திக்கினு போறேன்."

அவரிடம் புது ஜீப் இருக்கிறது. ஜீப் வாங்கிய நாளிலிருந்து அவர் யாரையாவது ஏற்றிக்கொண்டு போவதிலேயே குறியாக இருக்கிறார்.

டப்பா என்று அவர் சொன்னது எங்கள் வேனை. வயது பத்தொன்பது. காலையில் ஜாஸ்மின் வெட்டிச் சுத்தம் செய்த மீனை அபிராமபுரத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். மீன் இறங்கியதும் அதே வேனில் நான் நந்தனத்தில் இருக்கும் என் ஆபீசுக்குப் போவேன். ஆபீசில் என் மேஜைக்கு இரண்டு பக்கமும் எப்போதும் காலியாக இருக்கும். காற்றோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வேனுக்கு இரண்டே குறை. ஒன்று, ஓடாது. இன்னொன்று, ஓடினால் நிற்காது. அடையாறு மேம்பாலத்தில் ஏறும்போது ஜாஸ்மினும் மகள் அனுவும் இறங்கி நடந்துவிடுவார்கள். நான் மேலே போய்ச் சேரும்போது அவர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். ஒருநாள் அனு அங்கேயே வீட்டுப்பாடத்தை முடித்திருந்தாள். நிற்பது இன்னும் மோசம். மந்தைவெளியில் நிற்க வேண்டுமென்றால் லஸ் கார்னரிலேயே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும்.

சபதம் போட்ட மறுநாள் மெக்கானிக் அமீன் பாயைப் பார்க்கப் போனேன். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் அவருடைய ஷெட்.

"நைனா, இதே மாடல் வண்டி ஒண்ணு பின்னால இடி வாங்கி வந்துகீது. எஞ்சின் புதுப்பொண்ணு மாதிரி கீது. பேப்பரெல்லாம் கரெக்ட்டு. தூக்கி உன் வண்டில வெச்சா ஏலகிரி இன்னா, இமயமலையே ஏறும்."

"பிரேக்கு?"

"அதுவும் மாத்தலாம். முன்னால டிஸ்க் பிரேக் போட்டா ஆணி அடிச்சாப்ல நிக்கும். ஆனா ஒரு வாரத்துல ரெண்டும் ஆவாது. ஒண்ணு சொல்லு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

வேனை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கவே இல்லை.

"பிரேக்கு" என்றாள் ஜாஸ்மின்.

"மலை ஏறணும்னா எஞ்சின் வோணும் ஜாஸ்மின்."

"ஏறினா இறங்கணும்ல? இறங்கறதுக்கு இன்னா வெச்சிகீறீங்க, ஜெபமாலையா?"

"நான் மெதுவா ஓட்டுவேன்."

"மெதுவா போறது நீங்க இல்ல, வண்டி. பிரேக் மாத்தலன்னா நானும் அனுவும் பஸ்ல வரோம். புதன்கிழமை என் முன்னாடியே போன் போட்டு பிரேக்குன்னு சொல்லுங்க."

அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, நான் மட்டும் வேனில் வந்தால், லாசர் மச்சான் என் அடக்கத்தன்று கூட அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எஞ்சினும் வேண்டும், ஜாஸ்மினும் வேண்டும். அன்று இரவு ஒரு திட்டம் உதித்தது. என் வாழ்க்கையில் எனக்கு உதித்த திட்டங்களில் இதுதான் மிகச் சிறந்தது. மற்றவை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் மறுபடியும் ஷெட்டுக்குப் போனேன்.

"பாய், புதன்கிழமை போன் பண்ணுவேன். அவ பக்கத்துல இருப்பா. நான் பிரேக்குன்னு சொன்னா நீங்க எஞ்சின்னு எடுத்துக்கணும். எஞ்சின்னு சொன்னா பிரேக்கு."

அமீன் பாய் ஸ்பானரால் தலையைச் சொறிந்தார். "பிரேக்குன்னா எஞ்சினு. எஞ்சின்னா பிரேக்கு. இன்னாத்துக்கு நைனா இந்த வம்பு?"

"குடும்ப நிம்மதிக்கு பாய். இன்னொண்ணு. அவ ரொம்ப கெட்டிக்காரி. நடுவுல என்னை மிரட்டி, மாத்திப் பேச வைப்பா. நானே 'இது கோட் வேர்ட் இல்ல, நிஜம்'னு சத்தியம் பண்ணாலும் நம்பக்கூடாது. கை குடுங்க."

கை கொடுத்தார். அமீன் பாய் கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து வந்தேன். வீட்டில் வஞ்சிரம் வறுவல் வாசனை. ஜாஸ்மின் விற்கிற வஞ்சிரம் எங்கள் வீட்டுக்குள் வருவது ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். தட்டைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

"இன்னாங்க, யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி."

கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. கேட்டதும் மூளை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

"எது சரி?"

"எஞ்சினே மாத்திடுங்க. அண்ணன் முன்னாடி உங்க மரியாதை முக்கியம்ல? இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கியது. இவளையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. எண்ணெய்க் கையோடு போனை எடுத்தேன்.

"அமீன் பாய், எஞ்சின். எஞ்சின் மட்டும். பிரேக்கைத் தொடவே தொடாதீங்க."

அந்தப் பக்கம் அமீன் பாய் எதையோ வாய்க்குள் ஒப்பித்துப் பார்த்தார்.

"பிரேக்கைத் தொடக்கூடாது?"

"கூடாது."

"எஞ்சின்தான்?"

"எஞ்சின்தான்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா நைனா?"

"நூத்துக்கு நூறு."

ஜாஸ்மின் போனுக்குக் கிட்டே வந்தாள். "பாய், நான் ஜாஸ்மின் பேசறேன். அவர் சொன்னத அப்படியே செய்ங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது."

"மாறாதும்மா" என்று அமீன் பாய் வைத்துவிட்டார்.

மூன்றாவது துண்டு வஞ்சிரத்தை வாயில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மென்றுகொண்டே போனோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"பாய், இப்ப நான் சொன்னது கோட் இல்ல. நிஜ எஞ்சின்."

"புரிது நைனா. அம்மா பக்கத்துல கீறாங்க."

"இல்ல பாய். நான் பாத்ரூம்ல கீறேன்."

"பாத்ரூமாண்ட வந்துட்டாங்களா? ரொம்பக் கஷ்டம்தான் உன் பாடு."

"பாய், எஞ்சின்னா எஞ்சின்தான். பிரேக்குன்னா பிரேக்குதான்."

"இப்படியெல்லாம் பேசுவன்னு நீதான சொன்ன? கவலப்படாத. நீ அழுதாலும் மாத்தமாட்டேன். கை குடுத்துகீறேன்."

வெளியே கதவு தட்டப்பட்டது. "இன்னாங்க, உள்ள யார்கிட்ட பேசிக்கினு கீறீங்க?"

"வயிறு சரியில்ல" என்றேன். அதுவும் அந்த நேரத்தில் உண்மையாகிவிட்டது.

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். முன்சக்கரங்கள் கழன்று கிடந்தன. இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. புதுப்பொண்ணு மாதிரி இருந்த எஞ்சின் காலையிலேயே வேறு வண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டதாம். அமீன் பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவரைத் திட்டவும் முடியாது. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஜாஸ்மினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேனை எடுத்தேன். சாந்தோம் சர்ச் தாண்டியதும் முன்னால் போன ஷேர் ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. மிதித்தேன். வேன் நின்றது. நான் நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் நின்றது. பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பட்டினப்பாக்கம் போவதற்குள் காரணமே இல்லாமல் இன்னும் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன்.

"நல்லாகீதுல்ல?" என்றாள்.

"நல்லாதான் கீது." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாக்கிழம அமீன் பாய் சம்சாரம் ஜமீலுன்னிசா அக்கா சங்கரா மீன் வாங்க வந்தாங்க. 'எங்க வீட்டுக்காரருக்கு இன்னாவோ ஆயிடுச்சு ஜாஸ்மின். சோறு துன்னும்போது கூட பிரேக்குன்னா எஞ்சினு, எஞ்சின்னா பிரேக்குன்னு மனப்பாடம் பண்ணிக்கினு கீறாரு'ன்னு அழுவாத குறையா சொன்னாங்க."

ஷெட்டில் கொடுத்த கையை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதற்கு நான் கை வாங்கவே இல்லை.

"சரி, ஜெயிச்சிட்ட. ஞாயித்துக்கிழம எனக்கும் சேத்து பஸ் டிக்கெட் போடு."

"பஸ் எதுக்கு? நம்ம வண்டிலயேதான் போறோம். நீங்கதான் ஓட்டப்போறீங்க. உங்க சபதத்த நான் விட்டுக்குடுப்பேனா? கிறிஸ்மஸுக்குள்ள எஞ்சினும் மாத்திடலாம்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஆனா இந்த எஞ்சின் மலை ஏறாதே ஜாஸ்மின்."

"அண்ணன்கிட்ட விருந்து அன்னிக்கே பேசிட்டேன். அடிவாரத்துக்கு ஜீப்பை எடுத்துக்கினு வராரு. கயிறு கட்டி இழுத்துடுவாரு. அவர்தான் சொன்னாரு, பின்னால வர வண்டில பிரேக் சரியில்லன்னா ஜீப்ல வந்து மோதும்னு. அதான் மொதல்லயே பிரேக்குன்னு சொன்னேன்."

வேன் நின்றுவிட்டது. எப்போது மிதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சபதம் நிறைவேறியது. முப்பது பேர் கைதட்ட, என் சொந்த வேனில், ஸ்டியரிங்கை நானே பிடித்து, பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி, குடும்பத்தோடு லாசர் மச்சான் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். நியூட்ரலில்.