நாக்கைத் தூக்கு

தவசிமுத்துவின் தகர டப்பாவில் பதினான்கு மாத்திரைகள் இருந்தன. இருக்க வேண்டியதும் பதினான்குதான். எல்சி நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

காலடிப்பேட்டையின் அந்தச் சந்தில் இது பதினோராவது வீடு. எந்த வீட்டிலும் ஒன்றுகூட அதிகமில்லை, குறைவில்லை.

"எங்கியாவது கொட்டிடறியா?"

"இன்னாக்கா, மருந்தப் போய் கொட்டுவாங்களா?" என்றான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தவசிமுத்து.

டாக்டர் சுப்பராயன் காசநோய் ஆராய்ச்சி ஒன்று நடத்திவந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதி நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். மீதிப் பதினோரு பேர் வீட்டில் தாங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் தலையிடக் கூடாது. ஜனங்கள் நிஜத்தில் எப்படி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரையை எண்ணுவது எல்சியின் வேலை.

"ஆறு மாசத்துல ஒருத்தர்கூட ஒரு நாள் தவறவிடலையா?" என்றார் டாக்டர். "வீட்டுக்குப் போகாமலே எழுதறியாம்மா?"

எல்சி அடுத்த வாரம் புட்டிகளோடு போய் எல்லோரிடமும் சிறுநீர் வாங்கி வந்தாள். பதினொன்றிலும் மருந்து தெரிந்தது.

டாக்டர் இன்னும் கடுகடுத்தார். "புட்டியில நீயே மாத்திரையைக் கரைச்சியா?"

வேலை போய்விடும் போலிருந்தது. "நீங்களே வந்து பாருங்க சார்" என்றாள் எல்சி, அழாக்குறையாக.

மறுநாள் விடிந்ததும் போனார்கள். சந்து முனையில் பவுனம்மாளின் இட்லிக் கடை. எதிரே நீள வரிசை. எல்லோர் கையிலும் மாத்திரை.

"போடு. முழுங்கு. நாக்கத் தூக்கு" என்றாள் பவுனம்மாள். "உள்ள போனாத்தான் இட்லி."

ஆறடி தவசிமுத்து பச்சைப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினான்.

எல்சி தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதெல்லாம் யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"என் வூட்டுக்காரரு மருந்தப் பாதில வுட்டாரு, நைனா. போய்ட்டாரு. அத்தோட நான் யாரையும் வுடறதில்ல."

எத்தனையோ ஆஸ்பத்திரிகளைப் பார்த்த டாக்டர், அந்த அடுப்புப் புகையில் கைகூப்பி நின்றார். ஆராய்ச்சியில் பாதி பாழ் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"பரவால்ல எல்சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க கணக்காவது சுத்தமா இருக்கு."

பவுனம்மாள் கரண்டியால் வரிசையின் கடைசியைக் காட்டினாள்.

"அங்க நிக்கிறாங்களே, அவங்க யாருன்னு நெனச்சிகினு கீற? உங்க நர்ஸம்மா எதிருல முழுங்கறாப்புல நடிச்சிட்டு, மாத்திரைய மடில முடிஞ்சிகினு வர்றவங்க!"