ஈரத்தரை காத்த படலம்

வாழ்க, வாளி ஏந்திய வலக்கையாள்! முழங்கை தாண்டிய ரப்பர் கையுறையைக் கவசமாகவும், முழங்கால் தொடும் ரப்பர் பூட்ஸை வீரக்கழலாகவும், நீள்பிடித் துடைப்பானை வேலாகவும் தரித்து, கண்ணுக்குப் புலப்படாப் பகைவரைக் காலையும் மாலையும் கோடி கோடியாகக் கொன்று குவித்தும், அக்கொலைக்கென ஒரு கைதட்டலேனும் பெற்றறியாத பெருந்திறலாள் வாழ்க! சுவரில் தொங்கும் வட்டமுகக் கடிகாரமே, நீயும் வாழ்க. இக்கதை முடியுமட்டும் உன் பேட்டரி தீராதிருப்பதாக!

பதினான்கு படுக்கைகளே கொண்ட அச்சிறு மருத்துவமனையின் துப்புரவுப் பிரிவுக்கு அவளே தலைவி. தலைவி என்றதும் தேர், கரி, பரி, காலாள் என நால்வகைப் படையும் பின்னே நிற்பதாக எண்ணிவிட வேண்டாம். அவளே தலைவி, அவளே படை, விடுப்பு எடுத்தால் அவளே பதிலாள். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டின் பக்கங்களுக்குள் உறங்க, அங்கிருந்தோர் எல்லாம் அவளை ‘பத்து நிமிஷம்’ என்றே அழைத்தனர்.

அப்பட்டம் வந்தது அவளுடைய படைக்கலத்தால். இளமஞ்சள் நிறமும் மூக்கைத் துளைக்கும் மணமும் கொண்ட பிளீச் என்னும் அத்திரவம், கோபக்காரச் சம்பந்தியைப் போன்றது. முறை தெரிந்து நடத்தினால் குடும்பத்தையே காக்கும், முறை தவறினால் பந்தலையே சாய்க்கும். வெயிலில் வைத்தால் வலுக்குறையும். கொதிநீர் கலந்தால் சீறும். நேற்றுக் கலந்த கரைசல் இன்றைக்கு வெறும் நாற்றத் தண்ணீர். நீர் கலக்காமல் தோலில் பட்டால் எரியும், துணியில் பட்டால் சாயம் பறக்கும். அவளுடைய நீலச் சேலைகள் மூன்றிலும் முழங்கால் உயரத்தில் பூத்திருந்த வெள்ளைப் புள்ளிகள் அனைத்தும் அவள் தொழில் பழகிய காலத்து விழுப்புண்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற்றிய இடத்தில் அது பத்து நிமிடம் ஈரம் உலராமல், எவர் காலும் படாமல் கிடக்க வேண்டும். அதற்குள் துடைத்துவிட்டால் கிருமிக்குக் குளியல்தான் கிடைக்கும், சாவு கிடைக்காது.

மூன்று வாரங்களுக்கு முன் அந்தப் பத்து நிமிடம் மூன்றாம் நிமிடத்திலேயே முறிந்தது. வாந்தி கிடந்த தரையில் மருந்து ஊற்றி அவள் முதுகைத் திருப்பிய கணத்தில், செல்போனைப் பார்த்தபடி ஒருத்தி அதன்மீது நடந்தாள். இரண்டு நாளில் ஆறு குழந்தைகள், இரண்டு நர்சுகள், ஒரு மருந்தாளுநர் என வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தனர். நடந்தவளும் படுத்தாள். அவள் வேறு யாருமல்லள். வரவேற்பு மேசையில் அமர்ந்திருக்கும், நம் தலைவியின் சொந்த நாத்தனார். மூன்று நாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டிய கையை உயர்த்தி நம் தலைவி சூளுரைத்தாள்: “இனிமே என் தரையில ஒரு ஈ நடக்கணும்னாலும் பத்து நிமிஷம் கழிச்சுத்தான்!”

அத்தகையாளின் வாழ்வில், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வரவேற்புக் கூடத்தையும் குழந்தைகள் வார்டையும் இணைக்கும் ஒடுங்கிய நடையின் நட்டநடுவே, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் காலையுணவு முழுவதையும் உலகுக்குத் திருப்பித் தந்தாள்.

எழுந்தாள் தலைவி. முகக்கவசம் அணிந்தாள், கையுறை மாட்டினாள். காகிதத்தால் அள்ளிப் பையிலிட்டு வாய் கட்டினாள். சோப்பு நீரால் தரையைக் கழுவினாள். மழைச்சாரல் முகத்தில் அறைந்தும் சன்னல்கள் நான்கையும் திறந்தாள். பின், வேள்வி வளர்ப்போரின் நிதானத்துடன் வாளியில் ஒன்பது குவளை பச்சைத்தண்ணீரை முதலில் வார்த்து, அதன்மேல் ஒரே ஒரு குவளை பிளீச்சைத் தெறிக்காமல் சரித்து, நடையின் இந்த முனை தொடங்கி அந்த முனை மட்டும் ஈரத்தைப் பரப்பினாள். அந்த முனையில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, சுவரோரமாகத் திரும்பி வந்து தன் கால்தடத்தையும் நனைத்து அழித்து, இந்த முனையில் துடைப்பானைக் குறுக்கே பிடித்து நின்றாள். கடிகாரம் பத்து இருபது காட்டியது. போர் தொடங்கிற்று.

முதலில் வந்தவர் தண்ணீர் கேன் போடுபவர். மலையைத் தோளில் தூக்கிய மாவீரரென இருபது லிட்டரையும் சுமந்து, மழைநீர் சொட்டச் சொட்ட, நிற்கத் தெரியாத தேர்போல வந்தார்.

“அண்ணே, அங்கயே நில்லுங்க! தரையில மருந்து இருக்கு!”

“தோளு போவுதும்மா!”

“கேனை எறக்கி வச்சுட்டு அதும்மேலயே உக்காருங்க. பத்து நிமிஷம்.”

குன்று இறங்கியது, அதன்மேல் அவர் அமர்ந்தார். முதற்களம் அவளுக்கே.

மூன்றாம் நிமிடத்தில் எழுந்தது உட்பகை. வரவேற்பு மேசையிலிருந்து நாத்தனார் விரைந்து வந்தாள். கழிப்பறையோ நடையின் அந்தப் பக்கம். பழைய பழியின் நினைவால் முகம் சிவந்தும், புதிய அவசரத்தால் கால் பின்னியும், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கெனத் தத்தளித்தாள்.

“அண்ணி, இப்ப நான் வெளையாடல. ரொம்ப அவசரம்.”

“பின்வாசல் வழியாப் போ கண்ணு.”

“மழை பேயுதே அண்ணி!”

“போன தடவை நீ நடந்ததுக்கு ஊரே படுத்துச்சு. இந்தத் தடவை நீ மட்டும் நனை.”

உறவா, சூளா என்ற கேள்வி தலைவியின் நெஞ்சைப் பிளந்தது. ஆயினும் தன் குடையை எடுத்து நீட்டினாளேயன்றி, துடைப்பானை ஓர் அங்குலமும் விலக்கினாளில்லை. நாத்தனார் குடையைப் பிடுங்கிக்கொண்டு, தம்பட்டம் இல்லாத படையோட்டமாகக் கொட்டும் மழைக்குள் மறைந்தாள்.

ஆறாம் நிமிடத்தில் பெரிய டாக்டரே வந்தார். அவர் வந்தால் நர்சுகள் எழுவர், நோயாளிகள் இருமலை விழுங்குவர், காற்றாடிகூடச் சற்று மெதுவாகச் சுற்றுவதுபோல் தோன்றும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் அரவமென நெளிய, அவர் வலக்காலைத் தூக்கினார்.

“டாக்டர், கால்!”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

“எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கும்மா.”

“கிருமிக்கும் ரவுண்ட்ஸ் இருக்கு டாக்டர். இன்னும் நாலு நிமிஷம்.”

இருபத்தேழு ஆண்டு மருத்துவம் பார்த்த அம்மேதை, பறந்துகொண்டிருந்த தன் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், காலைப் புறப்பட்ட இடத்திலேயே இறக்கினார். கேன்மேல் இருந்தவர் நகர்ந்து, “உக்காருங்க சார்” என்று பாதிக் குன்றைத் தந்தார். அரைநொடி தயங்கியபின் டாக்டரும் அமர்ந்தார்.

ஆ, வெற்றியின் வாயிலில்தான் விதி ஒளிந்து நிற்கும்! ஏழாம் நிமிடத்தில், நடையின் அந்தக் கோடியில் தோன்றினார் மேலாளர். எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்யும் அப்பெருந்தகையை ‘டபுள்’ என்பர். காகிதத்துக்கு இரண்டு பின் அடிப்பார். கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவார். சிறுநகைச்சுவைக்கு இரண்டுமுறை சிரிப்பார். பிளீச்சின் மணம் மூக்கைத் தொட்டதும், இத்தனை பாடுபடும் தலைவிக்கு ஒரு கை கொடுப்போம் என்ற நன்னெஞ்சு பொங்க, இடக்காதில் செல்போனை இடுக்கியபடி, வலக்கையில் கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலை ஏந்தி, குறுக்கே கிடந்த நாற்காலியை இடுப்பால் தள்ளி வந்துகொண்டிருந்தார். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டை வலிமை என்பது அவர் கணக்கு.

தலைவியின் குருதி உறைந்தது. ஏனெனில், பிளீச்சும் ஆசிட்டும் தனித்தனியே பணியாளர்; ஒரே தரையில் சந்தித்தாலோ அந்நொடியே விஷப்புகையாய் எழுந்து, கண்ணைக் கரித்து, தொண்டையை நெரித்து, நுரையீரலையே தீய்த்துவிடும். அவர் நின்ற இடத்துக்கு இரண்டடி அப்பால் வார்டின் கதவு. கதவுக்குள் நான்கு குழந்தைகள்.

“சார்! ஊத்தாதீங்க!”

ஒரு காதில் போன். மறு காதில் மழை. அவருக்குக் கேட்டது பாதிதான்.

“ஊத்தறேன்மா, ஊத்தறேன்! டபுளாவே ஊத்தறேன்!” என்று அருள்சுரந்து, மூடியைத் திருகலானார்.

எறிவதற்கோ துணிவில்லை; துடைப்பான் பாட்டிலில் பட்டால் அதுவே ஆசிட்டை வார்த்துவிடும். சுற்றிப் போகவோ நேரமில்லை. எஞ்சிய ஒரே வழி அவள் முன்னே பளபளத்துக் கிடந்தது: ஓர் ஈயையும் நடக்க விடாத அந்த ஈரம். தன் சூளைத் தானே மிதிப்பதா என்று அவள் நெஞ்சம் ஒரு துடிப்பளவு நின்றது. மறு துடிப்பில் மிதித்துவிட்டாள்.

ஓடினாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வழவழத்த அத்தரையில் இரண்டாம் அடியிலேயே ஓட்டம் நின்று சறுக்கல் தொடங்கிவிட்டது. கைகள் இரண்டும் காற்றாலையாய்ச் சுழல, முந்தானை கொடியாய்ப் படபடக்க, துடைப்பான் ஒருபுறம் பறக்க, பூட்ஸ்கள் இரண்டும் கீச்சென்று முரசறைய, கடிவாளம் அறுந்த தேரென அவள் நின்றபடியே நடை முழுவதையும் வழுக்கிக் கடந்தாள்! கேன்மேல் இருந்த இருவரும் ஒருசேர எழுந்தனர். நனைந்து சொட்டி அப்போதுதான் பின்வாசலில் நுழைந்த நாத்தனார், குடையை மடக்க மறந்து, “அண்ணீ!” என்று அலறினாள்.

மூடி கழன்றது. பாட்டில் சாய்ந்தது. முதல் துளி விளிம்புக்கு வந்த அக்கணத்தில், தலைவியின் கையுறை அணிந்த உள்ளங்கை பாட்டிலின் வாயை அறைந்து மூட, அவள் தோள் மேலாளரின் தொந்தியில் மோதி நின்றது.

“இதும் அதும் சேந்தா விஷப்புகை வரும் சார்! உள்ள பிள்ளைங்க இருக்கு!”

மேலாளரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கேன் இருந்த முனையிலிருந்து டாக்டர், “அந்தம்மா சொல்றது சரிதான். மூடுங்க அதை!” என்றார். போனுக்குள் யாரோ “ஹலோ, ஹலோ” என்றுகொண்டிருந்தனர்.

“ஸ்ட்ராங்கா இருக்கட்டுமேன்னுதான்மா…” என்றார் மேலாளர் மெதுவாக.

“சார், இது காப்பி இல்ல.”

மூடி திருகப்பட்டது. கையுறையைக் கழற்றித் தனிப்பையில் இட்டு, நல்ல தண்ணீரில் கை கழுவி, புதியதொன்றை மாட்டினாள். பாட்டிலை நாத்தனாரே வாங்கி, கழிப்பறை அலமாரியின் கீழ்த்தட்டில், பிளீச் இருக்கும் திசைக்கே எதிர்த்திசையில் கொண்டுபோய்ச் சிறைவைத்தாள். அப்புறம்தான் தலைவி திரும்பிப் பார்த்தாள். நடையின் நெடுகிலும், ரயில் தண்டவாளம்போல இரண்டு நீண்ட கோடுகள். கடிகாரத்தில் மிச்சம் இரண்டு நிமிடம். யாரும் கேட்கப்போவதில்லை, துடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

“மறுபடியும் மொதல்லேருந்து. பத்து நிமிஷம்,” என்றாள்.

கேன்காரரின் பெருமூச்சு நடையெங்கும் எதிரொலித்தது. டாக்டர் கால்சட்டையை மடித்துக்கொண்டு மழைவழியே வார்டுக்குப் புறப்பட்டார். மேலாளர் கீழே கிடந்த துடைப்பானைத் தாமே எடுத்துத் தந்து, அவள் நடையை மறுபடி நனைத்ததும் அதை வாங்கி அந்த முனையில் குறுக்கே பிடித்து, பத்து நிமிடமும் அசையாமல் நின்றார். வார்டிலிருந்து எட்டிப் பார்த்த நர்சைக்கூட “ம்ஹூம்” என்று இருமுறை சொல்லித் திருப்பியனுப்பினார்.

பத்து நிமிடம் நிறைந்தது. நல்ல தண்ணீரால் அலசி, உலர்ந்த துணியால் துடைத்து, தலைவி தன் களத்தைத் திறந்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் வார்டில் இன்னொரு குழந்தைக்கு வாந்தி வரவில்லை. நாத்தனாருக்கு மட்டும் மழையில் நனைந்ததற்குத் தும்மல் வந்தது. ஒரு தரையை இருமுறை காத்து, ஒரு புகையை எழாமலே அடக்கி, சொன்ன சொல்லை உயிர்களுக்காக உடைத்து, உடைத்த சொல்லை அந்நிமிடமே மறுபடி ஒட்டவைத்த அப்பெருமாட்டியின் புகழ், நடை உள்ளளவும் நடப்போர் உள்ளளவும் கூடம்தோறும் கோடிதோறும் ஒலித்து ஓங்கி நிலைப்பதாக!

மறுநாள் காலை அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.